கூடாரம் போட ஓரிடம்

கித்துல்கலை தாண்டியதும் சாலை களனி கங்கையின் கரையை விட்டுப் பிரிந்து மலையேறத் தொடங்குகிறது. கினிகத்தேனை வரைக்கும் விடாத ஏற்றம். யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எனக்குச் சைக்கிள் புதிதல்ல. பள்ளிக்கூடம், சந்தை, கோயில், கல்யாண வீடு எல்லாவற்றுக்கும் எங்கள் ஊரில் சைக்கிள்தான். ஆனால் அது உள்ளங்கைபோல் தட்டையான மண். இங்கே ஒவ்வொரு வளைவிலும் மூச்சைப் பார்த்துப் பார்த்து மிதிக்க வேண்டியிருந்தது. அந்த மெதுவான வேகம்தான் இந்தப் பயணத்தின் முதல் கொடை. ரயில் ஜன்னலிலிருந்து மலையகத்தைப் பல தடவை பார்த்திருக்கிறேன். பச்சை மட்டும்தான் கண்ணில் தங்கியது. நடைவேகத்தில் ஏறும்போது பச்சைக்கு நடுவே நிற்கும் ஆட்களின் முகம் தெரிகிறது. அவர்கள் பேசுவது காதில் விழுகிறது.

பயணத்துக்கு வித்திட்டவர் பாரிஸ் லா சப்பலில் கடை வைத்திருக்கும் என் ஒன்றுவிட்ட அண்ணன். கோடை வந்தால் நண்பர்களோடு கூடாரத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு பிரான்சின் கிராமங்களுக்குப் புறப்பட்டுவிடுவார். அங்கே பல சிற்றூர்களில் ஊராட்சியே கூடாரத் திடல் ஒன்றை நடத்துகிறது. சிறு கட்டணம் கட்டினால் புல்தரையும் தண்ணீரும் கிடைக்கும். மாலையில் ஊர்க்காரர்கள் வந்து பேசிக்கொண்டிருப்பார்கள். இந்தப் பழக்கத்துக்கு அந்த நாட்டில் நீண்ட வரலாறு உண்டு. செந்த் எத்தியென் நகரைச் சேர்ந்த போல் த வீவி, வெலோசியோ என்ற புனைபெயரில் எழுதி, 1887இல் சைக்கிளுக்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கி, மலையேறக் கியர் வேண்டும் என்று வாழ்நாள் முழுக்க வாதாடியவர். பந்தயத்துக்காக அல்லாமல் ஊர் பார்ப்பதற்காகச் சைக்கிள் ஓட்டுவதைப் பரப்பியதில் அவர் பங்கு பெரிது. அண்ணனுக்கு அவர்மேல் பக்தி. அதே மாதிரி ஒரு பயணத்தை நம் மலையகத்தில் செய்ய வேண்டும் என்பது அவருடைய பல வருட ஆசை. கொழும்பில் வேலை பார்க்கும் இரண்டு பெண்களும், நீலகிரி கூடலூரிலிருந்து வந்த ஒரு நண்பரும் சேர்ந்துகொண்டார்கள். கூடலூர் நண்பரின் பாட்டி லிந்துலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தவர். அதைப் பிறகு சொல்கிறேன்.

வட்டவளையில் மழை பிடித்துக்கொண்டது. இலங்கையில் மிக அதிகமாக மழை பெறும் இடங்களில் இதுவும் ஒன்று. ஆண்டுக்கு 5000 மில்லிமீட்டருக்கு மேல். கடை வாசலில் ஒதுங்கி நின்றோம். எதிரே மலைச்சரிவில் பெண்கள் ஒதுங்கவில்லை. இடுப்பில் படங்கைச் சுற்றி, தலையில் பிளாஸ்டிக் தாளைப் போட்டு, கூடைக் கயிற்றை நெற்றியில் தாங்கி, அதே வரிசையில் பறித்துக்கொண்டே போனார்கள். மழையோடு அட்டையும் வரும். காலில் சவர்க்காரத்தைப் பூசிக்கொண்டு மலைக்கு இறங்குவதாகக் கடைக்காரர் சொன்னார். நாங்களும் பூசிக்கொண்டோம்.

ஹட்டனை எட்டியபோது சந்தை கலைந்துகொண்டிருந்தது. 1884இல் ரயில் இங்கே வந்தது. அதற்கடுத்த ஆண்டு நானுஓயாவை எட்டியது. ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையிலுள்ள சிங்கமலைச் சுரங்கம் மலையகப் பாதையிலேயே நீளமானது, அரைக் கிலோமீட்டருக்கும் மேல். கண்டியிலிருந்து இறங்கும் கோப்பிக்காகத் தொடங்கிய ரயில் பாதை இங்கே வந்து சேர்ந்தபோது கோப்பியே இல்லை. 1869இல் தென்பட்ட இலைத்துரு நோய் அதை அழித்துவிட்டிருந்தது. 1867இல் கண்டிப் பக்கத்து லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்ற துரை 19 ஏக்கரில் தேயிலை வைத்திருந்தார். அந்தச் செடிதான் மலைகளை மூடியது. பயிர் மாறியது, முதலாளிகள் மாறினார்கள். ஆட்கள் மட்டும் மாறவில்லை.

ஹட்டன் தெருவில் நடக்கும்போது நடேசய்யரை நினைக்காமல் இருக்க முடியாது. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த பத்திரிகைக்காரர். 1931இல் இந்த ஊரை மையமாக வைத்துத் தோட்டத் தொழிலாளருக்கான முதல் தொழிற்சங்கத்தைக் கட்டினார். தொழிற்சங்கக்காரன் தோட்டத்துக்குள் காலடி வைத்தாலே அத்துமீறல் வழக்குப் பாயும் காலம் அது. அவருடைய மனைவி மீனாட்சியம்மாள் பாட்டெழுதி, கூட்டங்களில் பாடி, ஆட்களைத் திரட்டினார். மேடைப்பேச்சு எட்டாத இடத்துக்கு அவருடைய பாட்டு எட்டியது. நகரத்தின் இன்றைய சலசலப்பில் இந்த இருவரை நினைவூட்டும் அடையாளம் எதுவும் என் கண்ணில் படவில்லை. இது எனக்கு வருத்தம்தான்.

டிக்கோயா வழியாக இறங்கினால் காசல்ரீ நீர்த்தேக்கம். கரை மேட்டில் 1878இல் கட்டிய வார்லி தேவாலயம். கருங்கல் சுவர், சுற்றிலும் துரைமாரின் கல்லறைகள். பலர் முப்பது நாற்பது வயதுக்குள் காய்ச்சலில் போனவர்கள். ஒவ்வொரு கல்லிலும் பெயர், பிறந்த ஊர், இறந்த தேதி. அதே காலத்தில் அதே காய்ச்சலில் இறந்த நம் ஆட்களுக்குக் கல்லுமில்லை, பெயருமில்லை. இராமேசுவரம் பக்கத்திலிருந்து தோணியில் மன்னார்க் கரைக்கு வந்து, காடு வழியே மாத்தளைக்கு நடந்தே வந்தவர்கள் அவர்கள். வழியில் காலராவிலும் பட்டினியிலும் விழுந்தவர்களை அங்கேயே விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள்.

மலையக மக்கள் வந்து 200 ஆண்டு நிறைந்ததை நினைத்து, 2023 ஜூலை 28ஆம் தேதி தலைமன்னாரில் ஒரு நடைபயணம் புறப்பட்டது. அதே வழி, 252 கிலோமீட்டர். ஆகஸ்ட் 12ஆம் தேதி மாத்தளையை அடைந்தது. கொழும்புத் தோழி ஒருத்தி அதில் சில நாட்கள் நடந்தவள். வழிநெடுகச் சிங்கள, முஸ்லிம் ஊர்களில் மக்கள் மோரும் தண்ணீரும் கொண்டுவந்து கொடுத்ததை அவள் சொல்லச் சொல்ல, நாங்கள் ஏறிவந்த மலை சின்னதாகப் போனது.

மஸ்கெலியாவுக்கும் ஒரு சுற்று போனோம். பழைய மஸ்கெலியா நகரம் தண்ணீருக்கடியில் இருக்கிறது. 1969இல் மவுசாக்கலை அணை முடிந்தபோது ஊரை மேட்டுக்கு நகர்த்தினார்கள். வறட்சியில் நீர் வடிந்தால் பழைய கோயிலின் இடிபாடு வெளியே தெரியும். நாங்கள் போனபோது நீர் நிறைந்திருந்தது, ஒன்றும் தெரியவில்லை. அப்பால் சிவனொளிபாதமலை முகிலுக்கு மேலே முனையை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றது. மார்கழிப் பௌர்ணமி முதல் வெசாக் வரை நான்கு மதத்தாரும் ஏறும் மலை.

நோர்வூட் தாண்டியதும் பெக்கோ பாதையின் அடையாளக் கம்பங்கள் தென்பட்டன. தேயிலையைத் தொழிற்சாலைகளுக்கும் நகரத்துக்கும் கொண்டுபோக வெள்ளைக்காரன் போட்ட மலைப்பாதைகளை இணைத்து, கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும்படி 22 பகுதிகளாக, 300 கிலோமீட்டருக்கு மேல் அமைத்திருக்கிறார்கள். நடப்பவர்களுக்கென்று வந்தது; சைக்கிளும் பல இடங்களில் போகும். வெளிநாட்டார் நிறையப் பேர் வருகிறார்கள். அவர்கள் காணும் காட்சி உண்மையிலேயே அழகானது. வெட்டிவிட்ட பாத்தி வரிசைகள் மலையைச் சுற்றிச் சுற்றி இறங்க, நடுநடுவே வெள்ளி ஓக்கு மரங்கள் நிற்க, பீலியில் தண்ணீர் கொட்டும் சத்தம் தூரத்தில் கேட்கும். இந்த அழகை ஒரு குற்றமாக நான் பார்க்கவில்லை. அதை உண்டாக்கிய கைகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

அன்று மாலை ஒரு தோட்டத்தில் கூடாரம் போட இடம் கேட்டோம். பெயர் வேண்டாம்; எந்தத் தோட்டத்திலும் இதுதான் நடந்திருக்கும். விளையாட்டுத் திடலில் யாரும் இல்லை. ஆனாலும் கணக்கப்பிள்ளை தயங்கினார். பெரிய துரையிடம் கேட்க வேண்டும், துரை கம்பனியிடம் கேட்பார். தொலைபேசி அழைப்புகள் நடந்தன. இருட்டிய பிறகு முடியாது என்று பதில் வந்தது. அண்ணன் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இவ்வளவு காணி கிடக்கு. ஐஞ்சு கூடாரத்துக்கு இடமில்லையோ?" என்றார்.

பக்கத்தில் நின்ற அம்மா ஒருத்தர் சொன்னார்: "நாங்க ஒரு குசினிய இழுத்துக் கட்டணும்னாலும் துரையக் கேக்கணும் தம்பி. எங்க தாத்தா இந்த லயத்துலதான் பொறந்தாரு. ஒரு மொழம் மண்ணு எங்க பேர்ல கெடையாது."

கடைசியில் மாரியம்மன் கோயில் கமிட்டிக்காரர்கள் முன்வந்து கோயில் முற்றத்தைத் தந்தார்கள். கோயில் கட்டியதும் திருவிழா எடுப்பதும் அவர்கள். அது நிற்கும் மண் கம்பனியின் கையில். நாங்கள் கூடாரத் துணியை விரிக்கும்போதே பிள்ளைகள் ஓடிவந்து கம்பிகளைப் பொருத்தினார்கள். ஒரு வீட்டிலிருந்து ரொட்டியும் கட்டச் சம்பலும் வந்தன. அந்த வீட்டுக் குசினியில் போய் உட்கார்ந்தேன். லயம் என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாக அமைந்த அறைகள். இது பத்துக்குப் பன்னிரண்டடி அறை, அதற்கு முன்னால் தகரம் அடைத்த சின்னத் தாழ்வாரம். அடுப்புப் புகை கூரைத் தகரத்தில் படிந்து தார்போல் மின்னியது. அந்த அறையில் ஆறு பேர் படுக்கிறார்கள். மூத்த மகள் உயர்தரப் பரீட்சைக்குப் படிப்பதற்காக மூலையில் ஒரு பலகை அடித்து, அதன்மேல் மின்விளக்கைத் தாழ்த்திக் கட்டியிருந்தார்கள். பலகையின் விளிம்பில் பாடப்புத்தகங்கள் உயர வரிசையில் நின்றன. எட்டு மணிக்குமேல் அந்த வீட்டில் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை.

மறுநாள் காலை கொழுந்து மடுவத்தில் நிறுவை பார்த்தோம். ஒரு நாளைக்கு மூன்று தடவை நிறுக்கிறார்கள். தராசில் கொழுந்துப் பையைத் தொங்கவிட்டதும் கணக்கப்பிள்ளை எண்ணைச் சொல்வார், உதவியாள் துண்டில் எழுதுவார். சொல்லும் எண்ணுக்கும் முள் காட்டும் எண்ணுக்கும் இடையே ஒரு கிலோ, சில சமயம் இரண்டு கிலோ போகிறது. பைக்கும் ஈரத்துக்கும் கழிக்கிறார்களாம். வெயில் நாளிலும் அதே கழிவு. அந்தத் தோட்டத்தில் முழுப் பேருக்கு, அதாவது முழு நாள் கூலிக்கு, 18 கிலோ எடுக்க வேண்டும், குறைந்தால் அரைப்பேர்தான். ஒரு பெண்ணின் விரல்களைப் பார்த்தேன். தேயிலைக் கறை நகத்தின் அடியில் கறுத்து, ஆள்காட்டி விரலின் பக்கத்தில் தோல் வெடித்திருந்தது. இரண்டிலையும் ஒரு மொட்டுமாக அவர் கிள்ளும் வேகத்தை என் கண் பின்தொடர முடியவில்லை. நாட்கூலி 1000 ரூபா வேண்டும் என்று பல வருடம் கேட்டுக் கேட்டு, 2021 மார்ச்சில்தான் கிடைத்தது. 2024இல் 1350 ஆனது. 2022இல் அரிசி, மண்ணெண்ணெய் எல்லாம் விஷம்போல் ஏறிய நாட்டில் 2021இன் ஆயிரத்துக்கு என்ன பெறுமதி என்பது வாசகருக்குத் தெரியும்.

பொகவந்தலாவையில் புனித மரியாள் தேவாலயத்து மண்ணில் ஜூலியா மார்கரெட் கேமரன் படுத்திருக்கிறார். உலகப் புகைப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவர். டென்னிசனையும் டார்வினையும் படமெடுத்தவர். கோப்பித் தோட்டம் வைத்திருந்த கணவரோடு 1875இல் இலங்கை வந்து, 1879இல் டிக்கோயாப் பள்ளத்தாக்கில் இறந்தார். இங்கே அவர் எடுத்த படங்களில் உழைப்பாளிகளும் இருக்கிறார்கள், பெயர் குறிக்காமல். இங்கிலாந்தில் அவர் எடுத்தவர்களின் பெயர்கள் எல்லாருக்கும் தெரியும்.

பொகவந்தலாவையிலிருந்து டயகமைக்கு ஏறும் வழிதான் பயணத்தில் கடினமானது. தார் முடிந்து கல்லும் சேறும். சைக்கிளில் கூடாரம், போர்வை, அடுப்பு என்று சுமை வேறு. பல இடங்களில் இறங்கித் தள்ளினோம். தேயிலை விட்டுக் காடு வந்தது, காடு விட்டுப் புல்வெளி. மறுபடி தேயிலை வந்த ஒரு வளைவில் மேலே கவ்வாத்துக்காரர்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். செடியை முழங்காலளவுக்கு வெட்டிவிடுவது கவ்வாத்து. கூடலூர் நண்பர் சைக்கிளைச் சாய்த்துவிட்டு மேலே ஏறி, ஒருவரிடம் கத்தியை வாங்கிப் பார்த்தார். "எங்க ஊர்லயும் இதே கத்திதான், இதே வளைவுதான்" என்றார். கையைச் சரிவாக வைத்து ஒரே வீச்சில் ஒரு கிளையை அவர் வெட்டியதும் கவ்வாத்துக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். "நீங்க நம்ம ஆளுதான்."

ஆமாம், நம்ம ஆள்தான். 1948இன் குடியுரிமைச் சட்டம் ஏழு லட்சம் மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. என் ஊர்க்காரர்கள் இதில் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். இந்தப் பிரச்சினையில் தமிழ்க் காங்கிரஸ் உடைந்தது. செல்வநாயகம் வெளியேறி 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். ஆட்சியில் ஒட்டிக்கொண்டு இருந்தவர்களும் யாழ்ப்பாணத்தார்தான். 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி ஒன்றரை லட்சத்தை 1974இல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஒரே லயத்தில் அண்ணனுக்கு ஒரு நாடும் தம்பிக்கு இன்னொரு நாடும் விழுந்த குடும்பங்கள் உண்டு. நண்பரின் பாட்டி தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் இருந்து, கூடலூருக்குப் போனார். தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாடு அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில் மறுபடி கொழுந்துக் கூடையைத் தூக்கினார். இலங்கையில் மிச்சமிருந்தவர்களுக்குக் குடியுரிமைச் சட்டம் முழுதாக வழிவிட்டது 2003இல்.

அக்கரப்பத்தனை கடந்து லிந்துலைக்கு வந்ததும் நண்பர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். பாட்டி சொல்லியிருந்த அடையாளங்கள் மூன்று: தொழிற்சாலைக்குக் கீழே பாலம், பாலத்தருகே முனியாண்டி கோயில், கோயிலுக்கு மேலே நாலாம் நம்பர் லயம். மூன்றும் இருந்தன. லயத்தில் இப்போது இருப்பவர்களுக்குப் பாட்டியின் பெயர் தெரியவில்லை. ஆனால் எண்பது வயதைத் தாண்டிய ஒரு கிழவர் பாட்டியின் தகப்பன் பெயரைக் கேட்டதும், "தப்படிக்கிறவரா?" என்றார். மாசி மாதத்தில் காமன் கூத்துக்குத் தப்படிப்பவராம் அவர். அந்த அடிக்கு ரதியும் மதனும் விடியவிடிய ஆடுவார்களாம். நண்பர் கிழவரின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். சாயத்தண்ணியும் ஒரு துண்டு கருப்பட்டியும் தந்தார்கள். அன்றிரவு கிழவரின் வீட்டு வாசலிலேயே கூடாரம் போட்டோம். யாரையும் கேட்கவில்லை.

தலவாக்கலை சி.வி. வேலுப்பிள்ளையின் தொகுதி. மடக்கொம்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்தவர், ஆங்கிலத்திலும் தமிழிலும் தேயிலைத் தோட்டத்தைப் பாடியவர், 1947இல் நாட்டின் முதல் பாராளுமன்றத்துக்கு இங்கிருந்து தெரிவானவர். அடுத்த தேர்தலில் அவருக்கு வாக்களித்த மக்களுக்கே வாக்கில்லை. ஊருக்கு மேற்கே சாலையோரம் நின்றால் ஒரு பக்கம் செயின்ட் கிளேயர் அருவி, இன்னொரு பக்கம் டெவன் அருவி. சுற்றுலாக்காரர்கள் வரிசையாக நின்று படமெடுக்கிறார்கள். டெவன் தோட்டத்தில்தான் 1977 மே மாதம், 7000 ஏக்கர் தோட்டக் காணியைப் பிரித்து வெளியாருக்குக் கொடுக்கும் திட்டத்தை எதிர்த்துத் திரண்டவர்கள்மேல் பொலிஸார் சுட்டதில் சிவனு லட்சுமணன் இறந்தார். 1940இல் முல்லோயாவில் சுடப்பட்ட கோவிந்தன் சம்பளத்துக்காகப் போராடியவர்களோடு நின்றவர். லட்சுமணன் நின்றது காணிக்காக. அருவியைப் படமெடுக்கும் இடத்தில் அவர் பெயரைச் சொல்லும் ஒரு பலகை வைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

கிரேட் வெஸ்டர்ன் மலையை இடப்பக்கம் வைத்துக்கொண்டு நானுஓயாவுக்கு ஏறினோம். குளிர் கூடியது. நுவரெலியா ஏறத்தாழ 1870 மீட்டர் உயரம். ஏரி, குதிரைப் பந்தயத் திடல், ஹில் கிளப், செங்கல் தபால் நிலையம் எல்லாம் வெள்ளைக்காரன் விட்டுப்போனபடியே இருக்கின்றன. நகரத்தைப் பற்றி எழுத வேறு ஆட்கள் நிறையப் பேர் உண்டு. எனக்கு அங்கே பிடித்தது காலைச் சந்தையில் பனி காயாத லீக்ஸ் கட்டுகளும், அவற்றைத் தங்கள் துண்டுக் காணியில் பயிரிட்டுக் கொண்டுவந்த தோட்டத்துப் பெண்களும். சிறு துண்டுதான். ஆனால் அவர்கள் விலை பேசும் குரலில், மடுவத்தில் நான் கேட்காத ஓர் உறுதி இருந்தது.

பூண்டுலோயாப் பக்கம் டன்சினன் தோட்டத்தில் இந்திய உதவியோடு கட்டிய தனி வீடுகளை, பயணம் முடிந்து திரும்பும் வழியில் பார்த்தோம். குடும்பத்துக்கு 7 பேர்ச், அதாவது 1900 சதுர அடி சொச்சம் நிலம். முன்னால் ரோஜாத் தொட்டி, பின்னால் கறிவேப்பிலை, ஒரு வீட்டில் கோழிக்கூடு. முதல் கட்டமாக 4000 வீடுகள். மேலும் 10,000 வீடுகளை 2017 மே மாதம் நோர்வூட்டில் வைத்து இந்தியப் பிரதமர் அறிவித்தார். வேலை நத்தை வேகத்தில் நகர்கிறது. வீடு கிடைத்தவர்களிலும் பலருக்குக் காணி உறுதி கைக்கு வரவில்லை. உறுதி இல்லாத வீடு, வேலையை விட்டால் காலி செய்யச் சொல்லக்கூடிய லயத்திலிருந்து அதிக தூரம் வந்துவிடவில்லை.

பெக்கோ பாதையில் நடக்கவும் சைக்கிள் மிதிக்கவும் இனிப் பல ஆயிரம் பேர் வருவார்கள். வரட்டும், நல்லதுதான். அவர்களுக்கு ராத்தங்கலும் சாப்பாடும் தருகிறவர்கள் அந்தத் தோட்டத்து மக்களாகவே இருக்க வேண்டும். அந்தக் காசு அவர்கள் கைக்கே போக வேண்டும். பிரெஞ்சுக் கிராமம் தன் திடலைப் பயணிக்குத் திறந்துவிட முடிவது, திடல் அந்த ஊருடையது என்பதால். தன் பெயரில் ஒரு பிடி மண் இல்லாதவர் யாருக்கு இடம் கொடுப்பார்? எனவே கேட்பது இதுதான்: லயத்தில் இருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் காணியை அளந்து, கணவன் மனைவி இருவர் பெயரிலும் உறுதி எழுதிக் கொடுங்கள். 200 ஆண்டு நினைவு மேடைகளில் கட்சித் தலைவர்கள் பலர் இதற்கு வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். அந்த வாக்கை நினைவூட்டிக்கொண்டே இருப்பது, யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ சென்னையிலோ பாரிஸிலோ அந்தத் தேயிலையைக் குடிக்கும் நம் எல்லாருடைய கடமை.